திமிங்கிலத்துக்கு நெருங்கிய உறவு யார்? பரிணாம மரத்தை வரைந்தே படிக்கலாம்

பன்றியையும் நீர்யானையையும் பார்த்தால் நெருங்கிய சொந்தம் என்றுதான் தோன்றும். விலங்கியலாளர்களும் நெடுங்காலம் அவற்றை அருகருகேதான் வைத்திருந்தார்கள். ஆனால் இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் நீர்யானைக்கு மிக நெருங்கிய உறவு திமிங்கிலம். அந்த உறவைக் காட்டும் மரத்தை வரைந்தபடியே அதன் உறுப்புகளின் பெயர்களையும் கற்றுக்கொள்வோம். தாள், பென்சில், அழிரப்பர் போதும்.

படி 1: நுனிகள்

தாளின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக எழுதுங்கள்: குதிரை, ஒட்டகம், பன்றி, மாடு, நீர்யானை, திமிங்கிலம். இவைதான் நுனிகள். ஒரு நுனி தனி இனமாகவும் இருக்கலாம், பெரிய குழுவாகவும் இருக்கலாம். இங்கே திமிங்கிலம் என்றால் டால்பின்களும் அதில் அடக்கம்.

படி 2: கிளை, கணு

நீர்யானையிலிருந்தும் திமிங்கிலத்திலிருந்தும் இடப்பக்கமாகக் கோடிழுத்து ஒரு புள்ளியில் சேருங்கள். கோடு கிளை, புள்ளி கணு. சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, இரண்டுக்கும் பொதுவான மூதாதையைத்தான் அந்தக் கணு குறிக்கிறது. அந்த மூதாதை நீர்யானையும் இல்லை, திமிங்கிலமும் இல்லை. ஆகவே ‘நீர்யானையிலிருந்து திமிங்கிலம் வந்தது’ என்று சொல்லக் கூடாது. ஒரே கணுவிலிருந்து பிரியும் இரண்டும் சகோதரக் குழுக்கள்.

படி 3: வேர்

அந்தக் கணுவிலிருந்து இடப்பக்கம் நீளும் கோட்டோடு மாட்டின் கிளையைச் சேருங்கள். அடுத்து பன்றி, பிறகு ஒட்டகம், கடைசியாகக் குதிரை. எல்லாம் சேர்ந்த இடத்துக்கு இடப்பக்கம் மிஞ்சும் கோடு வேர். குதிரை இங்கே வெளிக்குழு: மற்ற ஐந்தும் தங்களுக்குள் பிரிவதற்கு முன்பே விலகிப்போனது. வேர் எங்கே என்று தீர்மானிக்கத்தான் அதைச் சேர்க்கிறோம். இதே மரத்தை அடைப்புக்குறிகளிலும் எழுதலாம். கணினி நிரல்கள் இப்படித்தான் படிக்கின்றன:

(குதிரை,(ஒட்டகம்,(பன்றி,(மாடு,(நீர்யானை,திமிங்கிலம்)))))

படி 4: கணுவைச் சுழற்றுங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். மாடு சேரும் கணுவைப் பிடித்து மேல்கீழாகத் திருப்புவதாக நினைத்து, அந்தப் பகுதியை அழித்து எழுதுங்கள். இப்போது வரிசை: குதிரை, ஒட்டகம், பன்றி, திமிங்கிலம், நீர்யானை, மாடு. திமிங்கிலம் பன்றிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது! உறவு மாறியதா? துளியும் இல்லை. எந்தெந்த நுனி எந்தக் கணுவில் சேர்கிறது என்பது அப்படியேதான் இருக்கிறது. தாளில் யார் பக்கத்தில் யார் என்பதற்குப் பொருளே கிடையாது. இரண்டு நுனிகள் எவ்வளவு அண்மைக் காலக் கணுவில் சந்திக்கின்றன என்பதுதான் உறவு. பன்றியிலிருந்து பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். மாடு, நீர்யானை, திமிங்கிலம் மூன்றையும் அது ஒரே கணுவில்தான் சந்திக்கிறது. அப்படியானால் மூன்றும் பன்றிக்குச் சம தூரத்துச் சொந்தம்.

மேலே இருப்பது உயர்ந்தது, கீழே இருப்பது தாழ்ந்தது என்பதும் இல்லை. ஆறு நுனிகளும் வேரிலிருந்து ஒரே அளவு காலத்தைக் கடந்து வந்தவை.

படி 5: ஒரே வெட்டு

ஒரு மூதாதையும் அதன் எல்லா வாரிசுகளும் சேர்ந்தது கிளேடு. சோதிப்பது எளிது: ஒரே இடத்தில் கிளையை வெட்டினால் முழுக் குழுவும், அது மட்டுமே, கையோடு வர வேண்டும். மாடு, நீர்யானை, திமிங்கிலம் மூன்றும் அப்படி வரும். ஒட்டகம், பன்றி, மாடு, நீர்யானை நான்கையும் மட்டும் எடுக்கப் பாருங்கள். திமிங்கிலமும் கூடவே வரும். இரட்டைப்படைக் குளம்பிகள் (காலில் இரட்டைப்படை எண்ணிக்கையில் விரல்கள் கொண்ட ஒட்டகம், பன்றி, மாடு, நீர்யானை போன்றவை) என்ற பழைய வகைப்பாட்டுக் குழுவில் இருந்த சிக்கல் இதுதான். திமிங்கிலத்தைச் சேர்த்த பிறகே அது கிளேடு ஆனது.

படி 6: பண்பைக் குறியுங்கள்

பால் கொடுப்பது ஆறுக்கும் பொது, அதனால் இவற்றுக்குள் யார் யாருக்கு நெருக்கம் என்று அது சொல்லாது. புதிதாகத் தோன்றி, ஒரு பகுதியினர் மட்டும் பகிர்ந்துகொள்ளும் பண்புதான் உதவும். கணுக்காலில் இருமுனையும் கப்பி வடிவான ஓர் எலும்பு இரட்டைப்படைக் குளம்பிகளின் அடையாளம்; குதிரைக்கு அது இல்லை. இன்றைய திமிங்கிலத்துக்குப் பின்னங்காலே வெளியே தெரியாது. ஆனால் பாகிஸ்தானில் கிடைத்த ஆதித் திமிங்கிலப் புதைபடிவங்களில் அதே எலும்பு இருப்பதை 2001இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அப்பண்பை எங்கே குறிப்பது? குதிரை பிரிந்த கணுவுக்கும் ஒட்டகம் பிரிந்த கணுவுக்கும் இடைப்பட்ட கிளையில்.

சரி, இப்போது நீங்களே வரையுங்கள்: (பல்லி,(முதலை,காகம்)). முதலைக்கு யார் நெருக்கம்? காகத்தை விட்டுவிட்டுப் பல்லியையும் முதலையையும் மட்டும் ஒரே வெட்டில் எடுக்க முடிகிறதா?