ஸ்கேனர் பேசாவிட்டால் குறியாக்கத்தின் மேல் பழி போடாதீர்கள்

அமெரிக்காவில் காவல், தீயணைப்புத் துறைகளின் ரேடியோப் பேச்சை ஸ்கேனரில் கேட்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, புரியாத இரைச்சலையெல்லாம் குறியாக்கம், அதாவது சாவி உள்ளவர்களுக்கு மட்டும் புரியும்படி பூட்டிய பேச்சு, என்று முடிவுகட்டுவதுதான். பேச்சை அனுப்பும் பி25 (P25) என்ற டிஜிட்டல் முறை வேறு, அதன்மேல் போடும் பூட்டு வேறு. அனலாக் ஸ்கேனருக்குப் பூட்டில்லாத பி25 பேச்சும் இரைச்சலே. பி25இன் முதல் கட்டத்துக்கு (Phase I) மட்டும் செய்த கருவிக்கு அதன் இரண்டாம் கட்டம் (Phase II) எட்டாது.

இவற்றைவிடப் பெரிய ஏமாற்றுக்காரன் சைமல்காஸ்ட். பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே பேச்சை ஒரே நேரத்தில் அனுப்புகின்றன. வெவ்வேறு தூரத்திலிருந்து துளி முன்பின்னாக வந்துசேரும் அலைகள் ஒன்றையொன்று கெடுக்கின்றன. துறையின் ரேடியோக்கள் இதைச் சமாளிக்கும்படி செய்யப்பட்டவை. பல ஸ்கேனர்கள் அப்படியல்ல. சிக்னல் பட்டை நிறைந்திருக்கும், பேச்சு மட்டும் துண்டுதுண்டாக வரும். உடனே உயரமான ஆன்டெனா வாங்க ஓடுகிறார்கள். அது இன்னும் சில கோபுரங்களை இழுத்துவந்து நிலைமையை மோசமாக்கலாம். ஒரு திசையிலிருந்து வருவதை மட்டும் நன்றாகப் பிடிக்கும் யாகி ஆன்டெனாவை ஒரே கோபுரத்தை நோக்கித் திருப்பினால் உதவும். செலவே இல்லாத வழியும் உண்டு: ஸ்கேனரைச் சில அடி நகர்த்திப் பாருங்கள்.

பூட்டு உண்மையிலேயே இருக்கிறதா என்று ஊகிக்கவும் வேண்டியதில்லை. பி25 பேச்சுடன், எந்தப் பூட்டு முறை (அல்காரிதம்) என்று சொல்லும் எண்ணும் திறந்தே வருகிறது. கணினியில் ஓடும் டிகோடர் மென்பொருள் அதைக் காட்டும். பதினறும எண்ணில் 80 என்றால் திறந்த பேச்சு, 84 என்றால் ஏஇஎஸ்-256 என்ற வலுவான குறியாக்கம். 84 தெரிந்தால் விட்டுவிடுங்கள். சாவியில்லாமல் அதைத் திறந்து தருவதாகச் சொல்லி எதை விற்றாலும் காசுக்குக் கேடு. துறை கழித்துவிட்ட ரேடியோவை ஏலத்தில் எடுப்பதும் வீண்; சாவியை அழித்துவிட்டுத்தான் விற்பது வழக்கம். அது தானாக அந்த அமைப்பில் பதிவுசெய்ய முயன்றால், அனுமதியின்றி அலைபரப்பிய சிக்கல் வேறு.

"காற்றில் வருவது எல்லோருக்கும் பொது" என்ற வாதமும் இங்கே நிற்காது. 1986இன் மின்னணுத் தகவல்தொடர்பு அந்தரங்கச் சட்டம், பொதுமக்கள் எளிதில் கேட்கக்கூடிய காவல்துறைப் பேச்சைக் கேட்க அனுமதிக்கிறது. குறியாக்கம் செய்த பேச்சை அந்த வகையில் சேர்க்கவில்லை. சில மாநிலங்களில் வாகனத்தில் ஸ்கேனர் வைத்திருப்பதற்கே தனிக் கட்டுப்பாடு உண்டு.

கடைசித் தவறு, பூட்டியது பூட்டியதுதான் என்று வாயடைத்துப்போவது. 2020 அக்டோபரில் கலிபோர்னியா மாநில அரசின் நீதித் துறை (Department of Justice), தனிநபர் விவரங்களைக் காக்கும்படி காவல்துறைகளிடம் சொன்னபோது இரண்டு வழிகளைத் தந்தது: குறியாக்கம், அல்லது அத்தகைய விவரங்களை வெளிப்படையாகப் பேசாதிருக்கும் நடைமுறை. பல துறைகள் முதல் வழியையே பிடித்துக்கொண்டன. அம்மாநிலத்தின் பாலோ ஆல்டோ நகரக் காவல்துறையும் 2021இல் பூட்டியது; எதிர்ப்புக்குப் பின் 2022 செப்டம்பரில் திறந்துவிட்டது. அங்கே கதவைத் திறந்தது டிகோடர் அல்ல, நகரமன்றத்தில் விடாமல் எழுந்த கேள்விகள்.