முதலில் பட்டறை, அப்புறம் கடை

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் கோயில் பார்க்க வருகிறவர்கள் பலரும் திரும்பும்போது ஒரு விளக்கோ பொம்மையோ ஓவியமோ வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். ஆனால் அதற்கு ஒதுக்குகிற நேரம், வண்டி கிளம்புவதற்கு முந்தைய இருபது நிமிஷம். பொருளைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது, உங்களைப் பற்றி கடைக்காரருக்கு எல்லாம் தெரிந்துவிடும்: வெளியூர், நேரமில்லை, வெறுங்கையோடு வீட்டுக்குப் போக மனசில்லை. அந்த நிலையில் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் அது பேரமே இல்லை.

அதனால் முதலில் பட்டறைக்குப் போங்கள். டெல்டாவில் இது சுலபம், ஏனென்றால் செய்கிற ஊர்கள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸிலேயே ஐம்பொன் சிலைக்கு சுவாமிமலை, குத்துவிளக்குக்கு நாச்சியார்கோயில், பட்டுக்குத் திருபுவனம், அதே சாலையில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் நாதஸ்வரத்துக்கு நரசிங்கம்பேட்டை. வீணை, ஓவியம், தலையாட்டி பொம்மை எல்லாம் தஞ்சாவூரிலேயே. வாசலில் நின்று "பார்க்கலாமாங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் உள்ளே கூப்பிடுவார்கள். போட்டோ எடுப்பதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், உலோகம் உருக்கி ஊற்றுகிற நேரமாக இருந்தால் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள்.

சுவாமிமலையில் அரை மணி நேரம் நின்றால் போதும், கடையில் உங்களை ஏமாற்றுவது கஷ்டமாகிவிடும். ஸ்தபதி முதலில் மெழுகில் உருவம் செய்கிறார், அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைக்கிறார், சூடுபடுத்தினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும், அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறின பிறகு மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அச்சு உடைந்துபோவதால் இன்னொரு சிலை வேண்டுமென்றால் மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். இப்போது கடைக்கு வாருங்கள். அலமாரியில் பத்துப் பிள்ளையார், பத்துக்கும் ஒரே முகம், ஒரே மடிப்பு, ஒரே இடத்தில் ஒரே புள்ளி என்றால் அது இந்த முறையில் செய்ததாக இருக்க வாய்ப்பில்லை. அதை வாங்குவதில் தப்பில்லை, ஆனால் அதற்கான விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

ஐம்பொன் என்றாலே தங்கம் நிறைய இருக்கும் என்று நினைக்காதீர்கள். பெரும்பகுதி செம்புதான், தங்கமும் வெள்ளியும் மிகக் கொஞ்சம். "இதில் இவ்வளவு தங்கம் இருக்கு, அதான் இந்த விலை" என்று யாராவது சொன்னால் அந்த அளவைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், அங்கேயே விஷயம் தெளிவாகிவிடும். ஆர்டர் கொடுப்பதானால் உயரம், உத்தேச எடை, உலோகம், கொடுக்கும் தேதி, முன்பணம் எல்லாம் தாளில் இருக்கட்டும். நல்ல ஸ்தபதி அவசரப்பட மாட்டார், நீங்களும் அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

நாச்சியார்கோயில் விளக்கில் பேரம் எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் பேரம் எதில் பேசலாம், எதில் கூடாது என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. பித்தளை விளக்கு பொதுவாக எடைக்குத்தான் விலை. கிலோ என்ன விலை என்று முதலில் கேளுங்கள், உங்கள் கண் முன்னால் தராசில் வைக்கச் சொல்லுங்கள். அந்த விலைக்குள் உலோகத்தின் விலை, செய்தவரின் கூலி, கடையின் லாபம் என்று மூன்று இருக்கிறது. உலோகத்தை யாராலும் குறைத்துத் தர முடியாது. பட்டறையில் செய்தவரிடமே நேரடியாக வாங்கும்போது நீங்கள் அடித்துக் குறைக்கிற ஒவ்வொரு நூறு ரூபாயும் அவருடைய கூலியிலிருந்து போகிறது. அதனால் பட்டறையில் நான் பேரம் பேசுவதில்லை, கட்டுப்படியானால் வாங்குவேன், இல்லையென்றால் சின்ன விளக்காகக் கேட்பேன். கடையில் தாராளமாகப் பேசுவேன், அங்கே விட்டுக்கொடுக்க லாபம் என்று ஒன்று இருக்கிறது.

விளக்கை வாங்குவதற்கு முன்னால் அடி, தண்டு, தட்டு, மேலே இருக்கிற அன்னம் எல்லாவற்றையும் கழற்றித் திரும்ப மாட்டிப் பாருங்கள். மரை சரியாக உட்கார வேண்டும், நிறுத்தினால் ஆடக்கூடாது. தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் மட்டம் சரியாக இருக்கிறதா, எங்காவது கசிகிறதா என்று தெரிந்துவிடும். அடியைத் திருப்பி, எடைக்காக வேறு எதையாவது அடைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

தஞ்சாவூர் ஓவியத்தில்தான் நான் பணத்தை விட்டேன். பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு வந்த சூட்டில், ஆட்டோக்காரர் கூட்டிப்போன ஒரு கடையில், சொன்ன விலையில் பாதிக்கு வாங்கிவிட்ட சந்தோஷத்தில் ஒரு வெண்ணெய்க் கிருஷ்ணனை ஊருக்குக் கொண்டுபோனேன். மூன்றாவது வருஷம் கிரீடமும் நகைகளும் கறுத்துப்போயின. ஒட்டியிருந்தது தங்க ரேக் (மெல்லிய தங்கத் தகடு) இல்லை, தங்க நிறத் தாள். நல்ல ஓவியத்தில் பலகை மேல் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் கலந்து நகைகளைப் புடைப்பாக எழுப்பி, அதன் மேல் 22 காரட் தங்க ரேக் ஒட்டுவார்கள், அது பல வருஷம் அப்படியே மின்னும். அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "22 காரட் ரேக் என்று பில்லில் எழுதித் தருவீர்களா?" அம்மாவுக்காக வாங்கின படம் அது, அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

ஆட்டோ விஷயமும் அதிலேயே இருக்கிறது. "நல்ல கடை ஒண்ணு இருக்கு சார், சும்மா பார்த்துட்டு வாங்க" என்று கூட்டிப்போனால் அந்தக் கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும். இறங்க வேண்டிய இடத்தை நீங்களே சொல்லுங்கள்.

விலை எவ்வளவு இருக்கலாம் என்று தெரிந்துகொள்ள முதலில் அரசின் 'பூம்புகார்' கைவினைப்பொருள் விற்பனை நிலையத்துக்குப் போங்கள். நிலையான விலை, பேரம் கிடையாது, பில் உண்டு. அதே அளவு பொருளின் விலையைப் போனில் குறித்துக்கொண்டு வெளியே வந்தால் எங்கே பேச ஆரம்பிக்க வேண்டும் என்று தெரியும். பட்டுக்குத் திருபுவனம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கடை அப்படித்தான். 2019-இல் திருபுவனம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் அந்தப் பெயர் ஊருக்குக் கிடைத்தது, எதிரே தொங்குகிற ஒவ்வொரு புடவைக்கும் இல்லை. அசல் பட்டு என்பதற்கான சில்க் மார்க் அட்டை இருக்கிறதா பாருங்கள். சந்தேகமாக இருந்தால் முந்தானை ஓரத்து நூல் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொளுத்துங்கள்: பட்டு முடி கருகின வாசனையோடு பொடியாகும், பாலியஸ்டர் உருகி உருண்டையாகும்.

பேசுகிற முறை பற்றியும் கொஞ்சம். காலையில் போணி நேரத்தில் போய் விலையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினால் கடைக்காரருக்கு மனசு கஷ்டப்படும், சும்மா பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் பத்து மணிக்கு மேல் போங்கள். "அண்ணே, கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்பதற்கு இங்கே இருக்கிற மரியாதை "இதெல்லாம் ஆயிரம் ரூபாய் பெறாது" என்பதற்கு இல்லை. நீங்கள் கேட்ட விலைக்கு அவர் சரி என்று சொல்லிவிட்டால் வாங்கத்தான் வேண்டும், அப்புறம் பின்வாங்குவது நியாயம் இல்லை. இரண்டு மூன்று பொருள் சேர்த்து எடுத்தால் குறைப்பது அவருக்கும் எளிது.

பணத்தைப் பொறுத்தவரை, மொத்தத்தையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் எண்ணாதீர்கள், அன்றைக்குச் செலவாகிற தொகை தனியாக இருக்கட்டும். ஸ்கேன் செய்தால் திரையில் வருகிற பெயரைக் கடைக்காரரிடம் படித்துக் காட்டிவிட்டு அப்புறம் அனுப்புங்கள். கோயில் திருவிழாக் கூட்டத்தில் பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள். பில் இருந்து, கடை ஏமாற்றியது தெரிந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், யாராவது மிரட்டினால் 112.

இது எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று. "பழைய சிலை, வயலில் கிடைச்சது, வெளியே சொல்லாதீங்க" என்று யாராவது காதோடு சொன்னால் விலையே கேட்காமல் நகர்ந்துவிடுங்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், அதை உரிமம் இல்லாமல் விற்பதும் நாட்டை விட்டு எடுத்துப்போவதும் குற்றம். மண்ணுக்குள் கிடைத்திருந்தால் அது கோயிலுடையதாக இருக்கலாம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் திருடுபோய் ஆஸ்திரேலியா வரை போய் 2014-இல்தான் திரும்பி வந்தார். அந்த வேலைக்கு நம் பணம் ஒரு ரூபாய்கூடப் போகக்கூடாது. புதுச் சிலையாக இருந்தாலும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் பில்லையும், இது தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறை தருகிற சான்றிதழையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது, பழசுபோல மெருகு போட்ட சிலை என்றால் விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள்.

வாங்கின பொருளைப் பத்திரமாகக் கட்டுவதைக் கடைசியில் விட்டுவிடாதீர்கள். விளக்கைக் கழற்றி ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகத் துணியில் சுற்றச் சொல்லுங்கள், ஓவியத்துக்குக் கண்ணாடி போட்டிருந்தால் மூலைகளுக்கு அட்டை வைக்கச் சொல்லுங்கள். தலையாட்டி பொம்மையைத் தலையையும் இடுப்பையும் தனியாகக் கழற்றிக் கைப்பையில் வையுங்கள். வாங்கும்போதே கடையில் அதை ஆட்டிவிட்டுப் பாருங்கள், தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டால் வேறு ஒன்று கேளுங்கள்.