சித்திரை வெயிலில் கூட்டுறவுச் சங்கத்து உரக் குடோனைத் தயார் செய்வது எப்படி

சேலத்தில் வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டாலும் யூரியாவுக்கு ஒன்றும் ஆகாது. சாயங்காலம் நாலரை மணிக்குச் சேர்வராயன் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்து, புழுதிக்காற்றைக் கிளப்பி, அரை மணி நேரம் கொட்டிவிட்டுப் போகிறதே, அந்தக் கோடை மழைதான் எமன். அதனால் மார்ச் 31 கணக்கை முடித்த கையோடு, காய்ந்து கிடக்கும் இந்த நாட்களிலேயே குடோன் வேலையைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் கூரை. உச்சி வெயிலில் ஷட்டரை இறக்கி, வெண்டிலேட்டரைச் சாக்கால் மறைத்து, லைட்டை அணைத்துவிட்டு உள்ளே ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் தரையிலும் மூட்டைகள் மேலும் காசு காசாக வெளிச்சம் விழுந்திருப்பது தெரியும். ஒவ்வொன்றையும் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சூரியன் சாய்ந்திருந்தால் வெளிச்சம் ஓட்டைக்கு நேர் கீழே விழாமல் தள்ளி விழும், நீங்கள் நல்ல ஷீட்டுக்குத் தார் பூசிவிட்டு இறங்கி வருவீர்கள். சேலத்தில் ஏப்ரல் 20-ஐ ஒட்டிய நாட்களில் பகல் 12.15 வாக்கில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கும், நட்டு வைத்த கம்புக்கு நிழலே இருக்காது. சித்திரை பிறந்து ஒரு வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வட்டத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை.

அடைக்கிற வேலையை மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டுக்குள் முடித்துவிட வேண்டும், அதற்கு மேல் ஷீட்டில் கை வைக்க முடியாது. சிமெண்ட் ஷீட் மேல் நேராகக் கால் வைக்கவே கூடாது, சட்டத்துக்குச் சட்டம் பலகை போட்டு அதன் மேல் நடங்கள். பாதி ஒழுக்கு ஷீட்டில் இருக்காது, போல்ட் தலையில் இருக்கும். வெயிலில் வாஷர் காய்ந்து வெடித்திருக்கும். அப்படியே மழைநீர்க் குழாயின் வாயையும் பாருங்கள். மாசி, பங்குனியில் வேப்பமரம் உதிர்த்த இலையெல்லாம் அங்கேதான் அடைத்துக் கிடக்கும், முதல் மழையில் தண்ணீர் சுவர் வழியாக உள்ளே இறங்கும். ஒரு வருடம் சோம்பல்பட்டு இதைப் பார்க்காமல் விட்டேன். சுவரோரம் இருந்த 11 மூட்டை யூரியா ஒரே பாறையாக இறுகிவிட்டது. மூட்டை 266 ரூபாய் 50 காசு, மொத்தம் 2,931 ரூபாய் 50 காசு என் கையை விட்டுக் கட்டினேன். அதற்குப் பிறகு சுவருக்கும் மூட்டை அடுக்கிய அட்டிக்கும் இடையே இரண்டடி விடாமல் நான் மூட்டை இறக்குவதில்லை. ஆள் நடக்கவும் எலி வளை தெரியவும் அந்தச் சந்து வேண்டும்.

இரவில் குளுகுளுவென்று இருக்கட்டும் என்று வெண்டிலேட்டரைத் திறந்து வைப்பார்கள். தப்பு. காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தாண்டினால் யூரியா ஈரத்தை இழுக்க ஆரம்பிக்கும். காய்ந்த பகலில் அவ்வளவு ஈரம் இருக்காது, மழை பெய்த ராத்திரியில் சுலபமாகத் தாண்டும். ஆகவே பகலில் திற, மழை வாடை வந்தால் மூடு. கிழிந்த மூட்டையிலிருந்து சிந்திய யூரியாவைக் கூட்டி சூப்பர் பாஸ்பேட் பக்கம் தள்ளாதீர்கள், இரண்டும் கலந்தால் கசகசவென்று நீர்த்துவிடும்.

வெயிலால் நிஜமாகவே பாழாகிற சரக்கு உயிர் உரம். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா எல்லாம் உயிருள்ள பாக்டீரியா. கொதிக்கும் கூரைக்கு அடியில் மேல் ரேக்கில் வைத்தால், தேதி மிச்சம் இருக்கும், பாக்கெட்டுக்குள் பாக்டீரியா மிச்சம் இருக்காது. ஃபிரிட்ஜ் இல்லாத சங்கம் என்ன செய்வது? ஒரு பெரிய மண்பானையைக் கிழக்குச் சுவரோரம் ஈர மணலில் பாதி புதைத்து, பாக்கெட்டுகளை பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளே வைத்து, ஈரச் சாக்கால் மூடுங்கள். காலையும் மாலையும் மணலுக்கு ஒரு சொம்பு தண்ணீர், அவ்வளவுதான்.

பூச்சிமருந்து அறையைக் காலையில் திறந்ததும் உள்ளே போய் நிற்காதீர்கள், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். தூள் மருந்து மேல் தட்டில், பாட்டில் கீழ்த் தட்டில். மாற்றி வைத்தால் பாட்டில் கசிந்து தூளும் போகும். மேற்குச் சுவர் சாயங்காலம் அடுப்பு மாதிரி கொதிக்கும், அந்தப் பக்கம் எதுவுமே வேண்டாம். கொட்டினால் தண்ணீர் விட்டுக் கழுவாமல் மணலையோ மரத்தூளையோ போட்டு அள்ளுங்கள்.

ஆடிப் பட்டத்துக்கு வந்திருக்கும் சான்று விதையின் அட்டையையும் இப்போதே புரட்டிப் பாருங்கள். பரிசோதனை செய்த நாளிலிருந்து 9 மாதம்தான் கணக்கு. ஆடியில் விவசாயி வந்து நிற்கும்போது தேதி முடிந்திருந்தால் பதில் சொல்ல முடியாது.

விவசாயியின் கைரேகையை வாங்கி உரத்துக்குப் பில் போடும் பி.ஓ.எஸ். கருவியின் பில் ரோலை ஜன்னலோரம் வெயிலில் வைக்க வேண்டாம், கறுத்துப்போகும். மரவள்ளி பிடுங்கிவிட்டு வருகிறவர்களுக்கு ரேகை விழாது. கவுண்டரில் ஒரு ஈரத்துணி வைத்து, "அண்ணா, கையைத் துடைச்சிட்டு வைங்க" என்றால் பாதிப் பேருக்கு விழுந்துவிடும். கருவியில் காட்டும் இருப்பும் குடோனில் இருக்கும் மூட்டையும் ஒன்றாக இருக்கிறதா என்று தினமும் கடை சாத்தும் முன் எண்ணிவிடுங்கள்.

மழை இறங்கியதும் ஏற்காடு காபித் தோட்டக்காரர்கள் உரம் கேட்டு ஃபோன் போடுவார்கள். கோடை விழா சமயத்தில் மலைப்பாதை முழுக்கச் சுற்றுலா வண்டிதான், 20 கொண்டை ஊசி வளைவிலும் லோடு வண்டி நின்று நின்று ஏறினால் கிளட்ச் போய்விடும். முந்தின நாள் மாலையே ஏற்றித் தார்ப்பாய் கட்டி, விடியற்காலை ஐந்துக்கு அடிவாரத்தைத் தாண்ட வையுங்கள். தார்ப்பாயை ஏற்றுவதற்கு முன்னால் விரித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், அதிலும் காசு காசாக வெளிச்சம் தெரியும்.