ஸ்பெயினின் தெற்கே ஒரு விடுமுறை: முதன்முறை போகிறவர்கள் திட்டமிடுவது எப்படி?

முதல்முறை ஐரோப்பா போகிறவர்கள் எப்படித் திட்டம் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் போட்டேன். பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக எழுதி, நாளைக்கு நான்கு என்று பங்கு பிரித்து, காலை 10 மணிக்குக் கிளம்பி மாலை 6 மணிக்கு அறைக்குத் திரும்புவது. ஸ்பெயினின் தென்பகுதியான அந்தலூசியாவில் அந்தக் காகிதம் இரண்டாம் நாளே குப்பைக்குப் போயிற்று.

ஜூன் மாதம், செவியா நகரம், மாலை 5 மணி. மதியம் சாப்பிட மறந்துவிட்டு, பசியோடு ஓர் உணவகத்தின் வாசலில் போய் நின்றோம். உள்ளே ஒருவர் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை விரித்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தின் அருகே போய், எட்டரை மணி இருக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். தெருவில் ஓர் ஈ காக்கை இல்லை. கண்ணெதிரே ஒரு மருந்துக்கடையின் மின்பலகை 41 டிகிரி என்று பச்சை எழுத்தில் மினுக்கியது.

அந்த ஊருக்கென்று ஒரு நேரக் கணக்கு இருக்கிறது. அதை முதலில் பிடித்துக்கொண்டால் பார்க்க வேண்டிய இடங்கள் தானாக அதற்குள் அடங்கிவிடும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கணக்கை ஒட்டியவைதான்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஏப்ரல், மே, அக்டோபர். இந்த மூன்றில் ஒன்றைப் பிடியுங்கள். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம்.

"நாங்கள் பார்க்காத கத்திரி வெயிலா?" என்று சென்னைக்காரர்களும் வேலூர்க்காரர்களும் கேட்பார்கள். நானும் கேட்டேன். அங்கே கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். 2021 ஆகஸ்டில் கோர்தோபா மாகாணத்தின் லா ரம்ப்லா என்ற ஊரில் 47.6 டிகிரி பதிவாயிற்று. ஆனால் சிக்கல் அளவில் மட்டும் இல்லை. நம் கடலோர வெயிலில் சட்டை நனையும், உடம்பு எச்சரிக்கும். அங்கே காற்று வறண்டது. வியர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடும். தாகமே எடுக்காததுபோல் இருக்கும், திடீரென்று தலை சுற்றும். அதோடு, நாம் வெயிலில் வேலைக்குப் போவோம், கடைக்குப் போவோம். வெயிலில் ஏழு மணி நேரம் கல்தரையில் நடப்பதில்லை. சுற்றுலாப் பயணி நடப்பான்.

வசந்த காலத்திலும் ஒரு பள்ளம் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய வாரம் செவியாவில் தெருவெங்கும் மத ஊர்வலங்கள். பார்க்க அற்புதம்தான், ஆனால் விடுதிக் கட்டணம் எகிறும், பாதிச் சாலைகள் அடைபடும். பிறகு அதே ஊரில் ஏப்ரல் திருவிழா. ஈஸ்டர் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2027இல் மார்ச் 28. அந்தத் தேதியைப் பார்க்காமல் எதையும் முன்பதிவு செய்யாதீர்கள். மே மாதத்தின் முதல் பாதியில் கோர்தோபாவில் வீட்டு முற்றங்களைப் பூந்தொட்டிகளால் அலங்கரித்து ஊராருக்குத் திறந்துவிடுகிறார்கள். கூட்டம் இருந்தாலும் அதற்காகப் போகலாம்.

படி 2: விசா

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை, ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான விசா அது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும். கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். பக்கத்து நாட்டையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டிலும் ஒரே அளவு என்றால் முதலில் நுழையும் நாடு.

கடைசி நேரம்வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள். காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

படி 3: அல்ஹம்ப்ராவை நடுவில் வைத்து நாட்களை அடுக்குங்கள்

கிரனாதா நகரின் குன்றுமேல் நிற்கும் அல்ஹம்ப்ரா, அந்தப் பகுதியை ஆண்ட கடைசி முஸ்லிம் அரசர்களான நஸ்ரி வம்சத்தாரின் கோட்டையும் அரண்மனையும். 1492 ஜனவரி 2 அன்று கிரனாதா கத்தோலிக்க மன்னர்களின் கைக்குப் போனது. பயணத்தில் நாள் குறித்து, மணி குறித்து, பெயர் குறித்து டிக்கெட் வாங்க வேண்டிய முக்கியமான இடம் இதுதான். அதனால் முதலில் இந்த நாளைக் குறியுங்கள். மற்ற ஊர்கள் இதைச் சுற்றி வரட்டும்.

புதியவர்கள் தவறுவது மூன்று இடங்களில்.

டிக்கெட்டில் பல வகை உண்டு. தோட்டங்களும் அல்கசாபா என்ற கோட்டைப் பகுதியும் மட்டும் அடங்கிய டிக்கெட் விலை குறைவு. அதை வாங்கியவர்கள் நஸ்ரி அரண்மனைகளுக்குள் போக முடியாது. பன்னிரண்டு சிங்கங்கள் தாங்கும் நீரூற்றும், தேன்கூடுபோல் செதுக்கிய கூரைகளும் இருப்பது அந்த அரண்மனைகளில்தான். "பொது" டிக்கெட் என்று பெயரிட்ட வகையை வாங்குங்கள்.

டிக்கெட்டில் அச்சிட்ட மணி, நஸ்ரி அரண்மனை வாசலுக்கான மணி. குன்றின் நுழைவாயிலுக்கானது இல்லை. நுழைவாயிலிலிருந்து அரண்மனைக்கு நல்ல நடை இருக்கிறது. எங்களுக்கு முன்னால் நின்ற வயதான தம்பதி, தோட்டத்தில் பூக்களைப் பார்த்துக்கொண்டே நேரத்தைக் கோட்டைவிட்டு வந்தார்கள். ஊழியர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் உள்ளே விடவில்லை. குறித்த மணிக்கு அரை மணி நேரம் முன்பே வாசலுக்குப் போய்விடுங்கள்.

மூன்றாவது, கடவுச்சீட்டு. அசலைக் கையில் வைத்திருங்கள். அறையில் பூட்டி வைத்துவிட்டு வந்தால் மீண்டும் கீழே இறங்க வேண்டியதுதான்.

வசந்த காலத்தில் இந்த டிக்கெட்டுகள் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். விசா வந்தபின் வாங்கலாம் என்று உட்கார்ந்தால் டிக்கெட் இருக்காது. விசா வராமல் வாங்கினால் பணத்துக்கு உத்தரவாதம் இல்லை. விசாவுக்குச் சீக்கிரம் விண்ணப்பிக்கச் சொன்னது இதற்காகத்தான். வாங்கும்போது அதிகாரபூர்வ இணையதளம்தானா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். அதே தோற்றத்தில் கூடுதல் விலைக்கு விற்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும்.

படி 4: வழித்தடம்

ஒன்பது இரவுகள் இருந்தால் என் பரிந்துரை: மாட்ரிட் 2, கோர்தோபா 1, செவியா 3, கிரனாதா 2, மலாகா 1. மாட்ரிட்டில் இறங்கி மலாகாவில் விமானம் ஏறுங்கள். வந்த வழியே திரும்பினால் ஒரு நாள் வீண்.

மாட்ரிட்டிலிருந்து செவியாவுக்கு அதிவேக ரயில் 1992இல் ஓடத் தொடங்கியது. ஸ்பெயினின் முதல் அதிவேகப் பாதை அது. கோர்தோபாவுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், அங்கிருந்து செவியாவுக்கு முக்கால் மணி நேரம். முன்கூட்டி வாங்கினால் கட்டணம் குறைவு. மாட்ரிட்டின் அதோச்சா நிலையத்தில் பெட்டிகளைச் சோதனை இயந்திரத்தில் போட்டுத்தான் நடைமேடைக்குப் போக முடியும். நம் ஊர்போல் ஓடும் ரயிலில் ஏறும் எண்ணத்தோடு போகாதீர்கள். செவியாவிலிருந்து கிரனாதாவுக்கு பஸ்ஸில் சுமார் 3 மணி நேரம். வழியெங்கும் ஆலிவ் மரங்கள், குன்றுகளைச் சீப்பால் வாரி விட்டதுபோல.

கார் வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்பீர்கள். இந்த ஐந்து ஊர்களுக்கு வேண்டாம். பழைய நகரத்துத் தெருக்களில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தாலே ஒதுங்க வேண்டும்.

படி 5: ஒரு நாளைப் பிரிப்பது

உலக வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஸ்பெயின் இங்கிலாந்துக்கு ஏறக்குறைய நேர் தெற்கே இருக்கிறது. ஆனால் அதன் கடிகாரம் 1940இலிருந்து ஜெர்மனியோடு ஓடுகிறது. கோடையில் இன்னும் ஒரு மணி நேரம் முன்னே நகர்கிறது. அதனால் ஜூன் மாதத்தில் செவியாவில் உச்சிப்பொழுது வருவது பிற்பகல் இரண்டரை மணியை ஒட்டி. வெயில் உச்சத்தைத் தொடுவது மாலை 5, 6 மணிக்கு. சூரியன் மறைவது இரவு பத்துக்குக் கால் மணி இருக்கும்போது. நாங்கள் உணவகத்தைத் தேடி அலைந்த 5 மணி, நம் ஊர்க் கணக்கில் பிற்பகல் இரண்டரைக்குச் சமம் என்று அப்புறம்தான் புரிந்தது.

ஆகவே நாளை இரண்டாக வெட்டுங்கள். காலை எட்டரையிலிருந்து ஒன்றரை வரை ஒரு பகுதி. இரண்டு மணிக்கு வயிறாரச் சாப்பாடு. அதன்பின் அறைக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டுத் தூங்குங்கள். சிறு கடைகளும் அந்நேரம் மூடித்தான் இருக்கும். ஆறு, ஆறரைக்கு மேல் இரண்டாவது பகுதி. விடுதியை ஊருக்கு நடுவில் எடுத்தால்தான் இது நடக்கும். புறநகரில் விலை குறைவாக எடுத்துவிட்டால் மதியத் தூக்கம் பஸ்ஸில்தான்.

காலைப் பகுதிக்கு ஒரு மாதிரி சொல்கிறேன். கோர்தோபாவின் மெஸ்கீத்தா: 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பள்ளிவாசலாகக் கட்டத் தொடங்கி, 16ஆம் நூற்றாண்டில் அதன் நடுவிலேயே ஒரு தேவாலயத்தை எழுப்பிய கட்டடம். திங்கள் முதல் சனி வரை காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை வழக்கமாகக் கட்டணம் இல்லை. பணம் மிச்சம் என்பதைவிட, குழுக்கள் வராத நேரம் அது. உள்ளே நுழைந்ததும் இருட்டு. கண் பழகப் பழக, சிவப்பும் வெள்ளையுமாக மாறிமாறி வரும் வளைவுகள் ஒன்றின்பின் ஒன்றாகத் தெரியத் தொடங்கும். 850க்கும் மேற்பட்ட தூண்கள். பல, பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்து வந்தவை, அதனால் நிறமும் தலைப்பகுதியும் தூணுக்குத் தூண் வேறு. அரை மணி நேரம் எங்கள் காலடிச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

மாலைப் பகுதிக்கு செவியாவின் பிளாசா தே எஸ்பாஞா பொருத்தம். 1929 கண்காட்சிக்காகக் கட்டிய பிறைவடிவ மாளிகை. நடுமுற்றத்தில் நிழலே கிடையாது, மதியத்தில் போனால் வறுபடுவீர்கள். செவியா பேராலயத்தின் மணிக்கோபுரமான கிரால்தாவில் காலையில் ஏறிவிடுங்கள். படிக்கட்டுக்குப் பதில் சாய்தளம் போட்டிருப்பதால் முட்டிவலிக்காரர்களும் மெல்ல ஏறலாம்.

படி 6: சாப்பாடு

மதிய உணவு 2 முதல் 4 மணிக்குள், இரவு உணவு எட்டரைக்குமேல். வார நாட்களில் மதியம் "மெனு தெல் தியா" என்று கரும்பலகையில் எழுதியிருப்பார்கள்: இரண்டு பதார்த்தம், ரொட்டி, பானம், இனிப்பு, எல்லாம் சேர்த்து 12 முதல் 16 யூரோவை ஒட்டி. நம் ஊர் அளவுச் சாப்பாட்டின் உறவுக்காரன்.

சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சாலட் என்று கேட்டால் மேலே சூரை மீன் வரும். சல்மோரேஹோ என்ற குளிர்ந்த தக்காளிக் கூழின்மேல் பன்றி இறைச்சித் துண்டுகளைத் தூவுவார்கள். "நோ கோமோ கார்னே நி பெஸ்காதோ" என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன் என்று பொருள். செவியாவில் கொண்டைக்கடலை போட்ட பசலைக்கீரை கேளுங்கள், சீரக வாசனையோடு வரும். கோர்தோபாவில் கத்திரிக்காயை மெல்லியதாக வறுத்துக் கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள்.

கிரனாதாவில் இன்னொரு வழக்கம். பல கடைகளில் ஒரு பானம் வாங்கினால் ஒரு சிறு தட்டு உணவு இலவசம். என்ன வரும் என்பதைப் பெரும்பாலும் கடைக்காரரே முடிவு செய்வார். சைவம் என்பதைப் பானம் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். தட்டு மேசைக்கு வந்தபின் சொன்னால், அடுத்த பானத்துக்குத்தான் மாற்றம்.