உறைமண்ணை வெட்டிக் காட்டுங்கள்: பெர்மாஃப்ராஸ்ட் அறிவியலைக் காமிக்ஸாக்குவது எப்படி

பெர்மாஃப்ராஸ்ட், அதாவது ஆண்டுக்கணக்கில் உறைநிலையிலேயே கிடக்கும் தரை. அதைப் பற்றி மக்களிடம் பேசுவதில் இரண்டு தொல்லைகள். ஒன்று, அது கண்ணில் படாது. மேலே பாசி, புதர், நாலைந்து சோகை மரங்கள், அவ்வளவுதான். கேமராவை எங்கே திருப்பினாலும் வெறும் மேய்ச்சல் நிலம் மாதிரி இருக்கும். இரண்டு, அங்கே நடப்பதில் பெரும்பகுதி ஆமை வேகத்தில் நடக்கிறது. காமிக்ஸுக்கு இந்த இரண்டும் பெரிய விஷயமே இல்லை. தரையைப் பக்கவாட்டில் வெட்டி உள்ளே இருப்பதை வரைந்துவிடலாம். ஒரு கட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே உள்ள வெள்ளை இடைவெளியில் ஒரு நொடியும் போகலாம், ஆயிரம் ஆண்டும் போகலாம். இந்த இரண்டு வசதியையும் விட்டுவிட்டால், கண்ணாடி போட்ட விஞ்ஞானி ஒருவர் ஆறு கட்டமும் நின்றுகொண்டு பேசுவார். அதற்குக் கட்டுரையே போதும்.

வரையும் முன் சொற்களைத் தீர்மானியுங்கள்

தமிழில் இந்த வேலை இன்னும் கொஞ்சம் கடினம். காரணம், ‘பனி’. புல்நுனித் துளி, வானத்திலிருந்து விழுவது, கெட்டியான கட்டி, காலை மூட்டம் என எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். கதையில் இவை அடுத்தடுத்து வரும்போது வாசகர் குழம்பிப்போவார். அதனால் விழுவது வெண்பனி, கெட்டியானது பனிக்கட்டி என்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரே மாதிரி எழுதுங்கள். ‘பனி’ தனியாக எங்குமே வரக்கூடாது.

பெர்மாஃப்ராஸ்டை ‘நிரந்தர உறைபனி’ என்று எழுதுவதும் உண்டு. அது நிரந்தரமும் இல்லை, பனியும் இல்லை. குறைந்தது 2 ஆண்டுகள் தொடர்ந்து 0 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழேயோ இருக்கும் தரைதான் பெர்மாஃப்ராஸ்ட். மண், மணல், பாறை எதுவானாலும் சரி. துளி ஈரம் இல்லாத பாறையும் கணக்கில் சேரும். வெப்பநிலையை வைத்துத்தான் இலக்கணம், பனிக்கட்டியை வைத்து அல்ல. ‘பெர்மாஃப்ராஸ்ட்’ என்று ஒருமுறை அறிமுகப்படுத்திவிட்டு, பிறகு ‘உறைமண்’ என்று போவது நல்லது. வாயில் எளிதாக நுழைகிறது, பேச்சுப் பலூனிலும் இடம் மிச்சம்.

அடுத்தது வினைச்சொல். பனிக்கட்டி உருகும்; உறைமண் இளகும். ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைத்த இறைச்சி உருகி ஓடுவதில்லை, இளகுகிறது. மண்ணும் அப்படித்தான்: உள்ளே இருக்கும் பனிக்கட்டி தண்ணீராகும், மண் மண்ணாகவே இருக்கும், ஆனால் பிடிப்பு போய்விடும். ‘உறைமண் உருகுகிறது’ என்று ஒரே ஒரு கட்டத்தில் எழுதிவிட்டாலும் வாசகர் மனத்தில் பனிப்பாறை வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு அதைக் கிளப்புவது பெரும்பாடு.

இப்படிப் பத்துச் சொற்களை ஒரு தாளில் எழுதி, ஸ்கிரிப்ட் எழுதுபவர், ஓவியர், ஆய்வாளர் மூவரும் ஒப்புக்கொண்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

ஒரு பக்கம், ஒரு கேள்வி

‘பருவநிலை மாற்றமும் உறைமண்ணும்’ என்பது தலைப்பு; அதை வைத்துப் பக்கம் வரைய முடியாது. கேள்வியாக மாற்றுங்கள். ரஷ்யாவின் யாகுட்ஸ்க் நகரத்தில் கட்டடங்கள் ஏன் தூண்கள்மேல் நிற்கின்றன? (வீட்டின் சூடு தரையில் இறங்காமல் இருக்க, அடியில் குளிர்காற்று ஓடவேண்டும்.) அலாஸ்காவில் 1977இல் முடிந்த எண்ணெய்க் குழாய்ப் பாதையில் பாதிக்கு மேல் ஏன் தரைக்கு மேலே கால் ஊன்றிப் போகிறது, அந்தக் கால்கள் பலவற்றின் உச்சியில் துடுப்பு மாதிரி என்ன நீட்டிக்கொண்டிருக்கிறது? (உள்ளே அம்மோனியா. குளிர்காலத்தில் மண்ணின் சூட்டை வாங்கி ஆவியாகி மேலேறும். துடுப்பில் சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகிக் கீழே இறங்கும்.) வெண்பனி முன்னதாகவும் அதிகமாகவும் விழுந்தால் அடியிலுள்ள மண் ஏன் சூடாகவே இருக்கிறது? (அது போர்வை. குளிரை உள்ளே விடாது.) கடைசிக் கேள்வி வாசகர் நினைப்பதற்கு நேர் எதிர் என்பதால் காமிக்ஸுக்கு மிக ஏற்றது.

பதில் ஆறு கட்டத்துக்குள் வரவில்லை என்றால் கேள்வி பெரிதாகிவிட்டது என்று அர்த்தம், இரண்டாகப் பிரியுங்கள். முதல் முயற்சிக்கு 4 பக்கம் போதும்.

ஒரு பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பார்ப்போம்

கேள்வி: மரமில்லாத வடபுலத் தூந்திரத் தரை மேலிருந்து பார்த்தால் ஏன் பலகோண ஓடுகள் பதித்த மாதிரி இருக்கிறது? பதில்: அடியில் பனிக்கட்டி ஆப்புகள் இருக்கின்றன. தமிழில் ‘ஆப்பு’ என்றாலே வாசகர் சிரிப்பார். சிரிக்கட்டும், அந்தச் சொல் மறக்காது.

முதல் கட்டம், பக்கத்தின் முழு அகலம். கடுங்குளிர். மேலே வெண்பனி, கீழே வெட்டுமுகம். குளிரில் சுருங்கிய மண் ‘படீர்’ என்று வெடிக்கிறது. விரிசல் மெல்லியது, சில மில்லிமீட்டர் தொடங்கி ஓரிரு சென்டிமீட்டர். ஆனால் பல மீட்டர் ஆழம் போகும். இரண்டாம் கட்டம், வசந்தம்: வெண்பனி உருகிய தண்ணீர் விரிசலுக்குள் இறங்கி, உறைமண்ணைத் தொட்டதும் உறைகிறது. மூன்றாவது, கோடை: மேலடுக்கு (உறைமண்ணுக்கு மேலே, கோடையில் இளகிக் குளிரில் மறுபடி உறையும் மண்) இளகிவிட்டது, அதற்குக் கீழே நூல்போல ஒரு பனிக்கட்டி நரம்பு மட்டும் மிச்சம். நான்காவது, அடுத்த குளிர்: அதே இடத்தில் மறுபடி ‘படீர்’, ஏனென்றால் அந்த நரம்புதான் பலவீனமான இடம்.

இந்த நான்கும் ஒரே கோணம், ஒரே அளவு, ஒரே கல் ஒரே மூலையில். ஓவியருக்கு அலுப்பாக இருக்கும், கோணத்தை மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்பார். விடாதீர்கள். சட்டகம் அசையாமல் இருந்தால்தான் எது மாறியது என்று கண் தானாகத் தேடும். ஐந்தாவது கட்டமும் அதே கோணம். ஆனால் இடைவெளியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் போய்விட்டன. நரம்பு இப்போது 2 மீட்டர் அகல ஆப்பு, இருபுறமும் மண் பிதுங்கி மேடாகியிருக்கிறது. காலம் கடந்ததைக் காட்ட நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை மட்டும் மூன்று மடங்கு அகலமாக விடுங்கள். ஆறாவது கட்டத்தில் மேலே போய்விடுகிறோம்: 10 முதல் 30 மீட்டர் குறுக்களவுள்ள பலகோணங்கள், நடுவில் எள் அளவில் ஒரு கலைமான்.

இங்கே மூன்று பிழைகள் திரும்பத் திரும்ப வரும். ஆப்பைத் தரை மட்டம்வரை வரைந்துவிடுவார்கள். அப்படி இருந்தால் கோடைதோறும் உருகிப் போயிருக்கும். ஆப்பின் தலை மேலடுக்குக்குக் கீழேதான் தொடங்கவேண்டும். அகலம் மேலே, கூர் கீழே என்பதும் சில சமயம் தலைகீழாகும். மூன்றாவது, உறைந்தது எல்லாம் நீலம் என்ற எண்ணம். நீலச்சாம்பல் பனிக்கட்டிக்கு மட்டும். உறைமண் வெளிறிய பழுப்பு, இளகிய மண் ஈரமான கரும்பழுப்பு. கறுப்பு வெள்ளை அச்சு என்றால் பனிக்கட்டிக்கு வெறும் வெள்ளை, உறைமண்ணுக்குச் சாய்கோடு, இளகியதற்குப் புள்ளி.

அடுத்த பக்கத்தில் ஆப்பு உருகும் கதை. மேலே உள்ள பாசியையும் மரங்களையும் நீக்கினாலே போதும், வெயிலின் சூடு நேராக உள்ளே இறங்கும். ஆப்பு இருந்த இடம் பள்ளமாகும், தண்ணீர் தேங்கும், தேங்கிய தண்ணீர் இன்னும் சூட்டை இறக்கும். ஆப்பசைத்த குரங்கு நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒரு மூலையில் அந்தக் குரங்கு எட்டிப் பார்த்தால் விளக்கமே வேண்டாம். சைபீரியாவின் பட்டகாய்கா பள்ளம் இதற்கு நிஜ உதாரணம்: 1960களில் காடு அழிக்கப்பட்ட பிறகு தொடங்கிய சரிவு இப்போது ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளம்.

அளவுப் பொறி

உறைமண் 500 மீட்டர் தடிமன், மேலடுக்கு 50 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 25 சென்டிமீட்டர் உயரப் பக்கத்தில் இதை அளவு மாறாமல் வரைந்தால் மேலடுக்கு கால் மில்லிமீட்டர், அதாவது ஒரு பேனாக் கோடு. ஆனால் தாவரம், வேர், நீரோட்டம் என உயிர் எல்லாம் அந்தக் கோட்டுக்குள்தான் இருக்கிறது. ஆகவே பெரும்பாலான படங்களில் அளவை உடைக்கத்தான் வேண்டும். உடைத்த இடத்தில் வளைந்து நெளிந்த வெட்டுக்கோடு போட்டு, இரண்டு பக்கமும் மீட்டர் எழுதுங்கள். அது இல்லாமல் விட்டால் உறைமண் ஏதோ முட்டியளவு ஆழத்தில் முடிந்துவிடுகிறது என்றுதான் வாசகர் நினைப்பார். ஒருமுறையாவது முழுப் பக்கத்தை உண்மை அளவில் வரைவதும் நல்ல தந்திரம். அந்த ஒற்றைக் கோட்டைப் பார்க்கும் அதிர்ச்சி மறக்காது.

கார்பன் கணக்கில் வேறு பொறி. வடபுல உறைமண் பகுதியில் சேர்ந்திருக்கும் உயிர்மக் கார்பன் (செத்த செடி, விலங்குகளின் எச்சத்தில் உள்ளது) சுமார் 1.5 லட்சம் கோடி டன், வளிமண்டலத்தில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதற்கு ஒரு சின்ன மூட்டையும் ஒரு பெரிய மூட்டையும் வரைவார்கள். உயரத்தையும் அகலத்தையும் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். ஒரே அளவு மூட்டையை ஒன்று இங்கே, இரண்டு அங்கே என்று வையுங்கள்.

அந்தக் கார்பன் முழுவதும் ஒரே நாளில் வெளியேறுவதாக வரையாதீர்கள். மண் இளகிய பிறகு நுண்ணுயிர்கள் தின்னவேண்டும். காற்று உள்ள இடத்தில் கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர் தேங்கிய இடத்தில் மீத்தேனும். பத்தாண்டுகள், நூற்றாண்டுகள் நீளும் கசிவு இது. டைம்பாம் படம் கண்ணைப் பறிக்கும், ஆனால் பொய்.

களத்தை அப்படியே காட்டுங்கள்

மேலடுக்கின் தடிமனை அளப்பது இந்தத் துறையிலேயே எளிய வேலை: சென்டிமீட்டர் குறித்த எஃகுக் கம்பியைக் கோடை முடிவில் மண்ணில் குத்தி, எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. 100 மீட்டர் சதுரத்தில் 10 மீட்டருக்கு ஒன்றாகக் குத்தினால் 121 புள்ளிகள். உறைமண்ணில் முட்டினால் மந்தமான ‘டொக்’. கல்லில் முட்டினால் ‘கிணிங்’. ஒலியையே எழுத்தாக வரையும் ஊடகம் காமிக்ஸ், இதை விடலாமா? ‘கிணிங்’ கேட்டதும் பாத்திரம் கம்பியைப் பிடுங்கி ஒரு சாண் தள்ளி மறுபடி குத்தட்டும். அளவீடு எப்படித் தவறாகலாம் என்பதையும் ஒரே கட்டத்தில் சொல்லியாயிற்று.

துளைக் கிணறுகளில் இறக்கும் வெப்பமானிச் சரமும் நல்ல பொருள். வெயிலின் சூடு கீழே போகப் போகத் தேய்ந்தும் தாமதமாகியும் போகிறது. மண்ணைப் பொறுத்து 8, 10 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய அரையாண்டு பிந்தும். நெட்டுவாக்கில் ஒரு நீளக் கட்டம்: மேலே ஜனவரிக் குளிரில் நடுங்கும் ஆள், கீழே ‘எங்களுக்கு இப்பத்தான் கோடை’ என்று விசிறிக்கொள்ளும் மண்புள்ளி.

மனிதர்களை வரையும்போது, வடதுருவப் பூர்வகுடிகளான இனூயிட் என்றாலே பனிக்கட்டி வீடு என்று போகாதீர்கள். இன்று அவர்கள் இருப்பது சாதாரண வீடுகளில். எந்த ஊர்க் கதையோ அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் பென்சில் படத்தைக் காட்டிவிடுங்கள். பென்குவின் வடதுருவத்தில் கிடையாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் வந்து நிற்கும்.

எழுத்து, பலூன், கோப்பு

பலூனில் பேச்சுத் தமிழ், விவரப்பெட்டியில் எழுத்துத் தமிழ். ஒரு பலூனுக்கு 10, 12 சொல், ஒரு கட்டத்துக்கு 25க்கு மேல் வேண்டாம். ‘உறைந்துகொண்டிருக்கிறது’ பலூனின் ஒரு வரியையே விழுங்கும், ‘உறையுது’ போதும். நீண்ட சொல்லைக் கண்ட இடத்தில் உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளாதீர்கள். கொம்பும் சுழியும் மேல் கீழ் வரிகளில் மோதும் என்பதால் வரி இடைவெளி எழுத்தளவில் 130 சதவீதமாவது இருக்கட்டும். அச்சில் 9 பாயிண்டுக்குக் கீழே போகவேண்டாம்.

ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில், அதாவது 2480க்கு 3508 பிக்சலில் வரையுங்கள். அச்சகத்தில் ஓரம் வெட்டுவதற்கு நாற்புறமும் கூடுதலாக 3 மில்லிமீட்டர். யூனிகோட் எழுத்துரு போட்டதும் ‘கொ’, ‘கே’ போன்றவை சிதறினால் பழுது எழுத்துருவில் இருக்காது. அடோபி மென்பொருள்களில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுக்கவேண்டும். இங்க்ஸ்கேப்பில் இந்தச் சிக்கல் வராது. அச்சகத்துக்கு அனுப்பும் நகலில் எழுத்தைக் கோட்டுருவாக மாற்றிவிடுங்கள்.

சரிபார்ப்பு

ஆய்வாளர் மூன்று முறை பார்க்கவேண்டும்: ஸ்கிரிப்ட், சிறு வரைவு, பென்சில். இங்க் போட்ட பிறகு வரும் திருத்தம் ஒரு கட்டத்துக்கு அரை நாளைத் தின்னும். பிழையை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள், விடுபட்டதை அல்ல. ‘ஆனால் சில இடங்களில்…’ என்று தொடங்கும் குறிப்புகளுக்குக் கடைசியில் அரைப் பக்கம் ஒதுக்கிவிட்டால் அவருக்கும் மனம் ஆறும்.

பிறகு துறைக்குச் சம்பந்தமில்லாத எட்டுப் பேரிடம் பென்சில் படியைக் கொடுங்கள். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எட்டுப் பேரும் தலையாட்டுவார்கள். படித்து முடித்ததும் தாளை வாங்கிக்கொண்டு, வெற்றுத் தாளும் பென்சிலும் கொடுத்து, ‘தரைக்கு அடியில் என்ன இருக்கிறது, வரைந்து காட்டுங்கள்’ என்று சொல்லுங்கள். மூன்று பேர் நீலப் பனிப்பாறை வரைந்தால் படம் தோற்றுவிட்டது. அப்போது விவரப்பெட்டியில் இன்னொரு வரி சேர்க்கத்தான் கை போகும். அதை எழுதாமல், வெட்டுமுகம் வந்த முதல் கட்டத்தை மறுபடி வரையுங்கள்.