மழைக்கால மின்சாரத்தை மெத்தனாலில் சேர்த்து வைக்கக் கணக்குப் போடுவது எப்படி

சிங்கப்பூரில் கூரையில் சூரியத் தகடு போட்டவர்களுக்கு டிசம்பர் வந்தால் கலக்கம்தான், வடகிழக்குப் பருவமழை நாள் கணக்கில் விடாது. பெரிய பேட்டரியாக வாங்கு என்பார்கள். இரவை ஓட்ட அது சரி, ஆனால் பத்து நாள் மழைக்கென்று வாங்கினால் மீதி மாதமெல்லாம் அதில் பாதிக்கு மேல் சும்மா கிடக்கும். அந்த இடைவெளிக்குத்தான் மெத்தனால் என்ற திரவ எரிபொருள்.

மிச்ச மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜன். அதை அப்படியே வைப்பது தலைவலி: திரவமாக்க மைனஸ் 253 பாகைக்குக் குளிர வைக்கணும், இல்லையென்றால் கனத்த அழுத்தக் கலன். அதையே கரியமில வாயுவோடு சேர்த்து, செம்பு, துத்தநாக வினையூக்கியில் 250 பாகை வாக்கில் நல்ல அழுத்தத்தில் விட்டால் மெத்தனால் ஆகிவிடும், டிரம்மிலேயே நிற்கும்.

சரி, கணக்கைப் பின்னாலிருந்து தொடங்குங்கள். புலாவ் உபின் தீவில் ஒரு சின்னக் கடை, ஒரு ஃபிரிட்ஜ், விளக்கு, இரண்டு விசிறி, நாளுக்கு 10 யூனிட் என்று வையுங்கள். பத்து நாளுக்கு 100. எரிபொருளை மின்சாரமாக்கும் ஃபியூயல் செல், மெத்தனாலில் உள்ள ஆற்றலில் சுமார் 40 விழுக்காட்டைத்தான் மின்சாரமாகத் தரும், ஒரு லிட்டரில் இருப்பதோ 4.4 யூனிட், ஆக 57 லிட்டர், கிட்டத்தட்ட 45 கிலோ தேவை. அதை ஆக்க எட்டரைக் கிலோ ஹைட்ரஜன், 62 கிலோ கரியமில வாயு. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட்டுக்கு மேல் போகும், அழுத்துவதையும் சேர்த்தால் மொத்தம் 500 யூனிட் பக்கம். ஐந்து போட்டு ஒன்று எடுக்கிறோம்! அதனால் இன்றிரவு தேவைக்கு மெத்தனாலைத் தொடாதீர்கள், அது பேட்டரியின் வேலை.

தண்ணீரைப் பிரிக்கும் எலக்ட்ரோலைசரைப் பொது மின்கட்டமைப்பின் (கிரிட்) மின்சாரத்தில் ஓட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். இங்கே மின்சாரத்தில் 95 விழுக்காடு வாக்கில் இயற்கை எரிவாயுவில் வருகிறது, அதில் பச்சை எங்கே இருக்கிறது?

மெத்தனால் ஆக்குவது உலை வேலை, வீட்டில் முயல வேண்டாம். 2023 ஜூலையிலேயே நம் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பலுக்கு மெத்தனால் நிரப்பினார்கள், ஆக பொருள் வராத ஊரில்லை. ஆனால் வாங்கும்போது ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் எங்கிருந்து வந்தன என்று கேளுங்கள். சந்தையில் பெரும்பாலானது இயற்கை எரிவாயுவிலும் நிலக்கரியிலும் செய்தது.

அப்புறம், பத்திரம். அளவுக்கு மேல் வைத்திருக்கக் குடிமைத் தற்காப்புப் படையின் உரிமம் வேண்டும். கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலும் கண் பார்வை போய்விடும். ஜூரோங்கில் ஒரு பயிற்சியில் ஆசிரியர் தட்டில் ஊற்றிப் பற்ற வைத்தார், நண்பகல் வெயிலில் எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை, பற்றவில்லை சார் என்றோம். அவர் பேசாமல் பழைய செய்தித்தாளை மேலே நீட்டினார், ஓரம் கறுத்துச் சுருண்டது.