நல்ல மெயிலைத் தொலைக்கும் ஃபில்டர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மெயில் சர்வருக்குத் தமிழிலேயே ஸ்பேம் வரத் தொடங்கியது. ‘உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது’ என்ற வகை. பரிசை, பரிசாக, பரிசுத்தொகை என்று உருபும் ஒட்டும் ஏறி வந்ததால், எல்லாவற்றுக்கும் பொதுவான ‘பரிச’ என்ற துண்டை வைத்து ஒரு விதி எழுதினேன். சப்ஜெக்டில் அது இருந்தால் மெயிலைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வாரம் ஸ்பேம் நின்றது. அப்புறம் அலுவலகத்தில் ஒருவர் வந்தார். அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவை மெயிலில் அனுப்பிவிட்டதாக லேபில் சொல்கிறார்கள், தனக்கு வரவே இல்லை என்றார்.

‘பரிசோதனை’யிலும் அதே ‘பரிச’ இருக்கிறது. ‘பரிசீலனை’யிலும் இருக்கிறது. சர்வரின் பதிவேடான லாகைத் தேடிப் பார்த்தபோது, ‘உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது’ என்று வந்த மெயில்களும் அதே குழியில் விழுந்திருந்தன.

ஸ்பேம் ஒன்று உள்ளே நுழைந்துவிட்டால் வாங்குபவர் பார்த்து அழித்துவிடுவார். நல்ல மெயில் ஒன்று தொலைந்தால் அனுப்பியவருக்கும் தெரியாது, வாங்க வேண்டியவருக்கும் தெரியாது. சொந்தமாக ஃபில்டர் எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகளில் எனக்குப் பெரிதாகப் படுபவை எல்லாம் இந்த ஓர் இடத்தில்தான் வந்து முடிகின்றன. கீழே சொல்வது பெரும்பாலும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள், மெயில் வரும்போதே சோதிக்க அதோடு சேரும் மில்டர்கள் என்ற துணை நிரல்கள், மெயில் பெட்டிகளைக் கவனிக்கும் டவ்காட்டின் சீவ் ஸ்கிரிப்ட்கள் (வந்த மெயிலைப் பிரித்துப் போடும் விதிகள்) பற்றியது.

வாங்கிய பிறகு கைவிடுவது

சர்வர்கள் மெயிலைக் கைமாற்றும் முறையான எஸ்.எம்.டி.பி.யில் உங்கள் சர்வர் ‘250’, அதாவது ‘வாங்கிக்கொண்டேன்’, என்று பதில் சொன்ன நொடியிலிருந்து அந்த மெயிலுக்கு நீங்கள்தான் பொறுப்பு. அதைச் சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸின் ‘டிஸ்கார்ட்’ கட்டளை இரண்டையும் செய்வதில்லை. அனுப்பியவருக்கு ‘சரி, வாங்கிக்கொண்டேன்’ என்று பதில் போகும், மெயில் குப்பைக்குப் போகும். என் ‘பரிச’ விதியில் நான் போட்டிருந்தது இதைத்தான். அதற்குப் பதிலாக ‘ரிஜெக்ட்’ போட்டிருந்தால் 550 என்ற மறுப்பு லேபின் சர்வருக்கு உடனே போயிருக்கும். அவர்கள் போன் செய்தாவது சொல்லியிருப்பார்கள்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தவறு உண்டு. மெயிலை முழுசாக வாங்கி க்யூவில் (காத்திருப்பு வரிசையில்) போட்டுவிட்டு, பிறகு ஃபில்டரில் ஆராய்ந்து, ஸ்பேம் என்றால் பவுன்ஸ், அதாவது ‘மெயில் சேரவில்லை’ என்ற அறிவிப்பு, அனுப்புவது. ஸ்பேமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் பொய். ஆகவே உங்கள் பவுன்ஸ் ஒன்றும் அறியாத யாரோ ஒருவருடைய பெட்டியில் போய் விழும். இப்படிப் பவுன்ஸ் கொட்டும் சர்வர்கள் கருப்புப் பட்டியலில் ஏறிவிடும். அதன்பின் உங்கள் பயனர்கள் அனுப்பும் நல்ல மெயிலும் வெளியே போகாது. சீவில் ‘ரிஜெக்ட்’ எழுதுவதும் பெரும்பாலான அமைப்புகளில் இதே சிக்கல்தான், ஏனென்றால் சீவ் ஓடுவது மெயிலை வாங்கி முடித்த பிறகு.

நான் பின்பற்றுவது இதுதான்: ஸ்பேம் என்பதில் ஐயமே இல்லை என்றால் உரையாடல் நடக்கும்போதே, அதாவது மில்டரிலோ க்யூவுக்கு முந்தைய ஃபில்டரிலோ, 5-இல் தொடங்கும் மறுப்பு. சந்தேகம் என்றால் ஜங்க் ஃபோல்டர். டிஸ்கார்டைக் கையில் எடுப்பதே இல்லை.

ஃபில்டரே விழுந்தால்

மில்டர் நின்றுபோனால் போஸ்ட்ஃபிக்ஸ் என்ன செய்யும் என்பதை ‘மில்டர் டிஃபால்ட் ஆக்‌ஷன்’ என்ற அமைப்பு முடிவு செய்கிறது. அதன் இயல்பு நிலை டெம்ப்ஃபெயில்: ‘கொஞ்சம் கழித்து வா’ என்று 4-இல் தொடங்கும் பதில் போகும், எதிர்ச் சர்வர் மெயிலைத் தன் க்யூவில் வைத்துக்கொண்டு மறுபடி முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் தானாக 5 நாள் வரை முயலும். பலர் இதை ‘அக்செப்ட்’ என்று மாற்றிவிடுகிறார்கள். ஸ்பேம் ஃபில்டருக்கு அது பரவாயில்லை. வைரஸ் ஸ்கேனருக்கு அப்படி வைத்தால், ஸ்கேனர் செத்த நேரத்தில் கதவு அகலத் திறந்து கிடக்கும்.

மெயிலைப் பைப் வழியே (உள்ளீடாக) வாங்கி ஸ்கிரிப்டாக ஓடும் ஃபில்டரில் இதே விஷயம் வேறு முகத்தோடு வரும். ஸ்கிரிப்ட் முடியும்போது தரும் எண்ணை வைத்துத்தான் போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலின் கதியைத் தீர்மானிக்கிறது. 75 என்றால் தற்காலிகக் கோளாறு, பிறகு பார்க்கலாம். பைத்தானில் பிடிக்கப்படாத பிழை ஒன்று வந்தால் நிரல் 1 என்ற எண்ணோடு வெளியேறும், போஸ்ட்ஃபிக்ஸ் அதை நிரந்தரத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு மெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். டிஸ்க் நிரம்பியது, டேட்டாபேஸ் இணைப்பு அறுந்தது போன்ற சின்னக் காரணங்களுக்காக நல்ல மெயில்கள் பவுன்ஸ் ஆவது இப்படித்தான். முழு நிரலையும் ஒரு ‘டிரை’க்குள் (பிழையைப் பிடிக்கும் பகுதிக்குள்) போட்டு, எதிர்பாராத எது நடந்தாலும் 75-ஐத் தந்து வெளியேறும்படி எழுதுங்கள்.

அதே ஸ்கிரிப்ட் சோதித்து முடித்த மெயிலை செண்ட்மெயில் கட்டளை மூலம் திரும்பச் செலுத்தும் இடத்திலும் கவனம் வேண்டும். கட்டளையில் ‘-ஐ’ (-i) விட்டுப்போனால், ஒரு வரியில் தனியாக ஒரு புள்ளி இருக்கும் மெயில் அந்த இடத்தோடு வெட்டப்படும். உறை முகவரிகளை (எஸ்.எம்.டி.பி. உரையாடலில் வந்தவற்றை) கட்டளையில் தராமல் ‘-டி’ (-t) போட்டுவிட்டால் வாங்குபவர்களை ஹெட்டரிலிருந்து, அதாவது மெயிலின் தலைப்பு வரிகளிலிருந்து, எடுக்கும். அப்போது பி.சி.சி.யில் இருந்தவருக்குப் போகாது, ஹெட்டரில் பெயர் இருக்கும் வேறு சர்வர்க்காரர்களுக்கெல்லாம் இன்னொரு பிரதி போகும். போஸ்ட்ஃபிக்ஸின் ஆவணத்தில் இந்த ‘-டி’யைப் பற்றி மட்டும் ‘நெவர்’ என்று மூன்று முறை பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

திரும்பச் செலுத்தும் போர்ட்டில் ‘கன்டென்ட் ஃபில்டர்’ என்ற அமைப்பை (மெயிலை ஃபில்டருக்கு அனுப்பச் சொல்வது) வெறுமையாக்க மறந்தால், மெயில் ஃபில்டருக்கும் சர்வருக்கும் நடுவே சுற்றிச் சுற்றி வந்து, 50 ரிசீவ்ட் ஹெட்டர் (சர்வர் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சேர்க்கும் வரி) என்ற வரம்பைத் தாண்டியதும் பவுன்ஸ் ஆகும். அந்தப் போர்ட் 127.0.0.1-இல், அதாவது அதே கணினிக்குள்ளிருந்து வருவதை, மட்டும் கேட்க வேண்டும்.

கண்ணில் தெரிவதும் கம்பியில் வருவதும்

போஸ்ட்ஃபிக்ஸின் ‘ஹெட்டர் செக்ஸ்’ (ஹெட்டர் வரிகளைச் சோதிக்கும் விதிகள்) மெயிலை வந்தபடியே பார்க்கிறது, எதையும் டிகோட் செய்வதில்லை, அதாவது படிக்கும் எழுத்தாகத் திருப்புவதில்லை. தமிழ் சப்ஜெக்ட் எப்படி வருகிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. எழுத்துகளைப் பைட்டாக்கும் யூ.டி.எஃப்.-8-இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், மெயிலில் அனுப்புவதற்காக அதை ஆங்கில எழுத்தும் எண்ணுமாக்கும் பேஸ்64-இல் அது 4 எழுத்தாக மாறும். ப, ர, ச முதலிய மெய் வரிசையில் ஒவ்வொன்றும் 4, கே, 6 என்று தொடங்கும். பல உயிர்க்குறிகளும் புள்ளியும் 4, கே, கூட்டல் குறி என்று தொடங்கும். இந்த ஒழுங்கைப் பார்த்துவிட்டு, பேஸ்64 வடிவத்தையே விதியில் எழுதிவிடலாம் என்று சிலர் முயல்கிறார்கள். நடுவில் ஓர் இடைவெளி வந்தாலே ஒரு பைட் தள்ளிப்போய் அடுத்த சொல் முழுக்க வேறு எழுத்துகளாகிவிடும்.

அதோடு இப்படி மாற்றிய சப்ஜெக்ட் துண்டுகளாகத்தான் வரும், ஒரு துண்டின் நீளம் 75 எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்பது ஆர்.எஃப்.சி. 2047 என்ற மெயில் தரநிலையின் விதி. முன்னும் பின்னும் வரும் குறிகளைக் கழித்தால் 15 தமிழ்க் குறியீடுகளுக்கே இடம். ‘பரிசு’ என்ற சொல்லே ப, ர, இகரக் குறி, ச, உகரக் குறி என்று 5. ஆக நீளமான சப்ஜெக்ட் சொல்லின் நடுவிலேயே உடைந்து வரும். முதலில் எல்லாத் துண்டையும் டிகோட் செய்து, துண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை நீக்கி ஒட்டி, பிறகு தேட வேண்டும். மெயிலின் உடலுக்கும் இதே கதைதான். உடலைச் சோதிக்கும் ‘பாடி செக்ஸ்’ ஒரு நேரத்தில் ஒரு வரியைத்தான் பார்க்கும்.

ஒட்டிய பிறகும் வேலை முடியவில்லை. ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் ‘பரிசோதனை’ ஒன்றுபோலவே தெரியும், நிரலுக்கு இரண்டும் வேறு. இரண்டையும் ஒரே குறியீடாக்கும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

சொல் எல்லைக் குறியான ‘\பி’யை (\b) நம்புவதும் தமிழில் காலை வாரும். பைத்தானின் ரெகெக்ஸ் (எழுத்து வடிவங்களைத் தேடும் கருவி) உயிர்க்குறியையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை. அதனால் ச-வுக்கும் உகரக் குறிக்கும் நடுவிலேயே சொல் முடிந்துவிட்டதாக நினைக்கும். என் விதியைத் திருத்த உட்கார்ந்தபோது, ‘பரிசுத்த’ என்று தொடங்குவதை விலக்கிவிடலாம், தேவாலயத்திலிருந்து வரும் மெயில்கள் தப்பிக்கும் என்று நினைத்தேன். பரிசுத்தொகையும் குறியீட்டளவில் ‘பரிசுத்த’ என்றுதான் தொடங்குகிறது, அடுத்து வருவது ஒகரக் குறி. ஒரு சொல்லை வைத்து ஒரு மெயிலின் தலையெழுத்தை முடிவு செய்வதே தவறு என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். மதிப்பெண் போல, சொல்லுக்குக் கொஞ்சம் புள்ளி கொடுங்கள், அனுப்பும் சர்வரின் நடத்தைக்குக் கொஞ்சம், மெயிலில் உள்ள இணைப்புக்குக் கொஞ்சம். கூட்டுத்தொகை பேசட்டும்.

புள்ளி முறையின் அருமை 2010 ஜனவரி 1 அன்று தெரிந்தது. ஸ்பாம்அசாசின் என்ற ஸ்பேம் ஃபில்டரில் ‘தேதி வெகுதூரம் எதிர்காலத்தில் இருக்கிறது’ என்று பார்க்கும் விதி ஒன்று இருந்தது. 2010 முதல் 2099 வரை எந்த ஆண்டு வந்தாலும் அது பொருந்தும். எழுதியபோது 2010 தொலைவில் இருந்தது. புத்தாண்டு பிறந்ததும் உலகில் சரியான தேதியோடு வந்த மெயிலுக்கெல்லாம் கூடுதல் புள்ளி ஏறியது. ஸ்பேம் என்று முடிவாகும் இயல்பான வரம்பு 5, அந்த விதி தந்தது அதற்குள்தான், அதனால் எல்லா மெயிலும் போய்விடவில்லை. ஏற்கெனவே வேறு காரணத்துக்குச் சில புள்ளி வாங்கியிருந்த நல்ல மெயில்கள் அகப்பட்டுக்கொண்டன. விதிக்குள் ஆண்டு எண்ணைப் பதிக்காதீர்கள். ஒவ்வொரு விதிக்கும் எழுதிய நாளையும் காரணத்தையும் குறிப்பாகப் போட்டு வையுங்கள்.

ரெகெக்ஸ் வேகமும் ஒரு தனிச் சிக்கல். ‘எது வேண்டுமானாலும், எத்தனை வேண்டுமானாலும்’ என்ற துண்டை ஒரே விதியில் இரண்டு மூன்று முறை போட்டால், சரியாக அமைந்த ஒரு நீள வரி சி.பி.யு.வை உறையவைத்துவிடும். நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2016 ஜூலை 20 அன்று 34 நிமிடம் படுத்தது, ஒரு பதிவில் இருந்த ஏறத்தாழ 20,000 வெற்றிடங்களை ஒரு ரெகெக்ஸ் மென்றுகொண்டிருந்ததால். மெயில் சர்வருக்கு அப்படி ஒரு வரியை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம்.

மில்டர் நிரலின் நினைவு

ஒரே இணைப்பில் எதிர்ச் சர்வர் பல மெயில்களை அனுப்பலாம். வாங்குபவர் பட்டியல், சேர்ந்த புள்ளி, சப்ஜெக்ட் ஆகியவற்றை இணைப்பு தொடங்கும்போது மட்டும் வெறுமையாக்கினால், முதல் மெயிலின் எச்சம் இரண்டாவதில் ஒட்டிக்கொள்ளும். அனுப்புநர் முகவரி வரும் கட்டத்தில், ஒவ்வொரு மெயிலுக்கும், புதிதாகத் தொடங்குங்கள். சோதனையில் ஒவ்வொரு மெயிலாக அனுப்பிப் பார்ப்பதால் இந்தப் பிழை கண்ணில் படுவதே இல்லை.

வாங்குபவர் பலராக இருந்தால் இன்னொன்று: உடல் முழுதும் வந்தபின் நீங்கள் சொல்லக்கூடிய பதில் ஒன்றே ஒன்று. ஒருவருடைய கடுமையான விதிக்காக மற்ற நால்வரின் மெயிலையும் மறுத்துவிடக் கூடாது.

கையொப்பமும் பெயரும்

சப்ஜெக்டில் ‘ஸ்பேம்’ என்று முன்னொட்டுப் போடுவது, அடியில் அலுவலகக் குறிப்பு ஒட்டுவது இரண்டும் அனுப்பிய டொமைனை உறுதிசெய்யும் டி.கே.ஐ.எம். கையொப்பத்தை உடைக்கும். உள்ளே வரும் மெயிலில் சரிபார்ப்பை முதலில் முடித்துவிட்டு மாற்றுங்கள். வெளியே போகும் மெயிலில் மாற்றிவிட்டுக் கையொப்பமிடுங்கள். மில்டர்களை எழுதும் வரிசையே அவை ஓடும் வரிசை. தகவலைத் தனி ஹெட்டராகச் சேர்ப்பது எவ்வளவோ மேல். ஆனால் அதே பெயரில் வெளியிலிருந்து வரும் ஹெட்டரை முதலில் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் ‘இது ஸ்பேம் அல்ல’ என்று ஸ்பேமரே எழுதி அனுப்பிவிடுவார், உங்கள் சீவ் ஸ்கிரிப்ட் அதை நம்பும்.

சீவில் ஃப்ரம் ஹெட்டரில் வங்கியின் டொமைன் ‘கன்டெய்ன்ஸ்’ (எங்காவது இருக்கிறதா) என்று தேடினால், அந்தப் பெயரைக் காட்சிப் பெயராக வைத்துக்கொண்ட எவரும் தேறிவிடுவார்கள். ‘அட்ரஸ்’ சோதனையை எடுத்து, டொமைன் பகுதியை முழுமையாக ஒப்பிடுங்கள்.

விலக்கு கொடுப்பதில் ஒரு பொறி: ஹெட்டர் செக்ஸில் ஒருவருடைய ஃப்ரம் வரிக்கு ‘டன்னோ’ (கண்டுகொள்ளாதே) போட்டால் அவர் மெயில் முழுதும் தப்பிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த ஒரு வரி மட்டும்தான் தப்பிக்கும், சப்ஜெக்ட் வரி தனியாகச் சோதிக்கப்படும். போஸ்ட்மாஸ்டர், அப்யூஸ் இரண்டு முகவரிகளையும் உள்ளடக்க ஃபில்டரிலிருந்து விலக்கி வையுங்கள். ‘உங்கள் ஃபில்டர் என்னை மறுக்கிறது’ என்று ஒருவர் சொல்ல வரும் வாசல் அது. புகாரோடு ஸ்பேமின் நகலையும் இணைத்திருப்பார், அதைப் பார்த்து ஃபில்டர் அவரையும் மறுத்துவிடும்.

ஓட விடுவதற்கு முன்

புதிய விதியை முதலில் ‘வார்ன்’ என்று போட்டால் லாகில் மட்டும் எழுதும், மெயிலைத் தொடாது. குறைந்தது ஒரு மாதச் சம்பள நாளாவது அந்த ஓட்டத்தில் அடங்கட்டும், அன்றுதான் பணம் பற்றிய நல்ல மெயில்கள் குவியும். ‘சாஃப்ட் பவுன்ஸ்’ஸை இயக்கி வைத்தால் போஸ்ட்ஃபிக்ஸின் நிரந்தர மறுப்புகள் தற்காலிக மறுப்பாக மாறும், தவறு கண்டுபிடித்தால் திருத்த நேரம் கிடைக்கும். வேலை முடிந்ததும் அணைத்துவிட வேண்டும். விதியைத் தனியாகச் சோதிக்க ‘போஸ்ட்மேப் -க்யூ’, சீவுக்கு ‘சீவ்-டெஸ்ட்’.

இவற்றோடு நல்ல மெயில்களின் தொகுப்பு ஒன்றையும், உரியவர்களின் சம்மதத்தோடு, சேர்த்து வைத்திருக்கிறேன். லேப் இரண்டாம் முறை அனுப்பிய அந்தப் பரிசோதனை மெயில், பெயரும் முடிவும் அழிக்கப்பட்டு, அதில் முதல் கோப்பாக இருக்கிறது. எந்த விதியை மாற்றினாலும் முதலில் ஓடுவது அதன்மேல்தான்.